வரலாற்று நாவலுக்கான கருவை எங்கே கண்டடைந்தீர்கள்? அதற்கான ஆய்வை எப்படிச் செய்கிறீர்கள்?

கரு எனக்குக் கோட்டையிலோ கல்வெட்டிலோ கிடைக்கவில்லை. கீழக்கரையில் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்த என் பெரியப்பாவின் இடது காதில் கிடைத்தது. ஆழத்து நீரின் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் தாக்கியதில் அந்தக் காது முற்றிலும் கேட்காமல் போயிருந்ததால், அவரிடம் ரகசியம் பேச விரும்புகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் வலப்பக்கம் போய் உட்காருவார்கள். இராமநாதபுரச் சீமையை ஆண்ட சேதுபதிக்கு ஒரு ரகசியச் செய்தியைக் கொண்டுபோகிறவன் இப்படி ஒற்றைக் காது கேட்காதவனாக இருந்து, இடப்பக்கம் சொல்லப்பட்ட பாதியைத் தவறவிட்டிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விதான் என் நாவல்.

காலத்தைக் கிழவன் சேதுபதியின் ஆட்சியாக வைத்துக்கொண்டேன். தலைநகர் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாறியது, கீழக்கரையில் சீதக்காதி வள்ளல் வாழ்ந்தது, ஒரியூரில் 1693-இல் இயேசு சபைத் துறவி அருளானந்தர் கொல்லப்பட்டது ஆகிய அனைத்தும் அந்த ஒரே ஆட்சிக்குள் வருகின்றன. இயேசு சபையினரின் கடிதங்களில் கொடியவராகத் தோன்றும் அதே அரசர், செப்பேடுகளில் சேதுவைக் காக்கும் அறவாளராக நிற்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் மனிதர் ஒருவர் தென்படத் தொடங்குகிறார். செப்பேடு படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'பிரபவ வருடம்' என்பது 1687 ஆகவும் இருக்கலாம், அறுபது ஆண்டு கழித்து 1747 ஆகவும் இருக்கலாம் என்பதால், அதனுடன் வரும் சக ஆண்டைப் பார்த்து 78-ஐக் கூட்டி ஆங்கில ஆண்டாக்கிச் சரிபார்க்காமல் எந்தத் தேதியையும் நம்பக் கூடாது. இராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவரோவியங்களும் உடைகளுக்கும் ஆயுதங்களுக்கும் பெரிதும் உதவின, ஆனால் அவை கிழவனுக்கு அடுத்து வந்த முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தவை என்பதை மறந்துவிடாமல் பயன்படுத்த வேண்டியிருந்தது.

இவையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்தே முடித்துவிடக்கூடிய வேலைகள். என்னை உண்மையில் திருத்தியவர் மண்டபத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவர். முதல் வரைவில் என் நாயகன் ஆடி மாதத்தில் கீழக்கரையிலிருந்து தோணியேறி இராமேசுவரம் போகிறான். கதையைக் கேட்டுக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் வலையைக் கீழே வைத்துவிட்டு, "ஆடிக் கச்சானுல தென்கடல்ல தோணிய எறக்குறதுக்கு ஒன் கதையில வர்றவனுக்கு என்ன கிறுக்கா தம்பி?" என்று கேட்டார். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் பாக் விரிகுடாவாகிய வடகடல் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். வாடை வீசும் மார்கழியில் இது அப்படியே தலைகீழாகும். நான் பிறந்து வளர்ந்ததே இந்தக் கரையில்தான், இருந்தும் அரசர்களின் ஆண்டுகளைத் தேடிய மும்முரத்தில் காற்றைப் பற்றி ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை.

ஆகவே நாயகன் கீழக்கரையிலிருந்து நிலவழியாக நடந்து, கோட்டை வேலை நடந்துகொண்டிருக்கும் இராமநாதபுரத்தைக் கடந்து, கடலுக்குள் நவக்கிரகங்களாக வணங்கப்படும் ஒன்பது நவபாஷாணக் கற்களுக்கு அருகே தேவிபட்டினத்தில் படகேற வேண்டியதாயிற்று. அந்த நடையில்தான், அவன் இடப்பக்கமாகவே வந்து பேசும் வழித்துணை ஒருத்தி கதைக்குள் நுழைந்தாள். அவள் இல்லாத நாவலை இப்போது என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. கருவைத் தேடுவதும் ஆய்வு செய்வதும் வெவ்வேறு கட்டங்கள் என்று நீங்கள் எண்ணியிருந்தால் எனக்கு அப்படி அமையவில்லை என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அதே நடையில் இன்னொரு பிழையும் அகப்பட்டது. இரவில் அவனைச் சீமைக் கருவேலங்காட்டில் ஒளிய வைத்திருந்தேன். இன்று மாவட்டம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் அந்த அமெரிக்க மரம் இந்தியாவுக்குள் வந்ததே 19-ஆம் நூற்றாண்டில்தான். அதை வெட்டிவிட்டு உடைமரமும் பனையும் நட்டேன், தாளிலாவது.

தேவிபட்டினத்து அத்தியாயம் மட்டும் இன்னும் முடியவில்லை. ஆடியில் அந்தக் கரையில் இரண்டு இரவுகள் தங்கி, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று எந்த நேரத்தில் ஓய்கிறது என்று பார்த்த பிறகே அதை எழுதுவதாக இருக்கிறேன்.