பந்தயக் குதிரையைப் பண்ணையில் வைத்துப் பழக்கினால் நன்றாக ஓடுமா, ரேஸ் கோர்ஸ் லாயமே போதுமா?

பண்ணை வாழ்க்கை குதிரைக்குப் புது வேகம் எதையும் தந்துவிடாது. ஆனால் பிறவியில் வந்த வேகம் கெடாமல் காக்கும். அதனால் நான் பண்ணைப் பக்கம்தான்.

ரேஸ் கோர்ஸ் லாயத்துக் குதிரை காலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்தால், மிச்சப் பொழுதெல்லாம் சுமார் 12 அடிக்கு 12 அடி அறைக்குள்தான். பலரும் கால்களைப் பற்றிக் கவலைப்படுவார்கள். முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் வயிறு. குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கிற உமிழ்நீர் மெல்லும்போதுதான் ஊறும். மேய்ச்சலில் விட்டால் தினம் 16 மணி நேரம்கூட மென்றுகொண்டிருக்கும் பிராணி அது. அதற்கு இரண்டு மூன்று வேளை ஓட்ஸை மட்டும் வைத்துவிட்டுப் போனால் வெறும் வயிற்றை அமிலம் அரிக்காமல் என்ன செய்யும்? பயிற்சியில் உள்ள பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தீனியைப் பாதியில் விடும், சேணம் இறுக்கினால் கடிக்க வரும், ஓட்டத்தில் மந்தமாகும். வலியில் தவிக்கும் அந்தக் குதிரையை 'குணம் கெட்டது' என்று ஒதுக்குவதைக் கேட்டால் மனம் தாங்காது.

அடைத்த லாயத்தில் காய்ந்த புல்லின் தூசி வேறு நுரையீரலைப் பதம் பார்க்கும். வெளியே தலையைத் தாழ்த்தி மேய்கிற குதிரைக்குச் சளி தானாக வடிந்துவிடும்.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ஃபேர் ஹில் பயிற்சி மையத்தைப் பாருங்கள். சுற்றிலும் 5,000 ஏக்கருக்கு மேல் புல்வெளியும் காடும். மைக்கேல் மாட்ஸ் அங்கே பழக்கிய பார்பரோ என்ற குதிரை, அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியை 2006இல் ஆறரை லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) முந்தி வென்றது. கிரஹாம் மோஷன் அங்கே தயார் செய்த அனிமல் கிங்டம் என்ற குதிரை, டெர்பி நடக்கும் மண் தடத்தில் அதுவரை ஒரு பந்தயம்கூட ஓடாமலே 2011 டெர்பியை வென்றது; 2013இல் துபாய் உலகக் கோப்பையையும் எடுத்தது. ஆனால் அங்கே புல்வெளியோடு முறையான ஓட்டத் தடங்களும் உண்டு. வேகமாக ஓடினால்தான் எலும்பு இறுகும். மேய விட்டால் மட்டும் போதாது. இரண்டும் கிடைத்துப் பழகிய பார்பரோவுக்கே டெர்பி முடிந்த இரண்டே வாரத்தில் பிரீக்னஸ் என்ற அடுத்த பந்தயத்தில் கால் முறிந்தது.

பண்ணைக்கு வசதியில்லாதவர்கள் லாயத்திலேயே சிலவற்றைச் செய்யலாம். புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும், தூசி போக நனைத்தே போடுங்கள். பக்கத்துக் குதிரை கண்ணில் படும்படி கட்டுங்கள். சாயங்காலமும் ஒருமுறை வெளியே நடத்திக் கூட்டிப்போய்த் தரையில் மேயவிடச் சொல்லுங்கள்.