ஆர்டர் மெயிலுக்காகக் கடை காத்திருக்க வேண்டாம்

திருமங்கலத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "மதுரையில் சுங்குடிச் சேலைக் கடை ஒன்றுக்கு பைத்தானின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் இணையதளம் செய்து கொடுத்தேன். ஆர்டர் போட்டதும் வாடிக்கையாளருக்கு மெயில் போக வேண்டும். என் லேப்டாப்பில் போனது. ஆனால் ஸ்பாமில் விழுந்தது. சர்வரில் ஏற்றிய பிறகு பட்டனை அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருந்து எரர் வருகிறது. மறுபடி அழுத்துகிறார்கள், ஒரே சேலைக்கு இரண்டு ஆர்டர். எங்கே தப்பு?"

முதலில் செட்டிங்ஸைப் பாருங்கள். மெயில் சர்வருக்குள் நுழையும் வாசலின் எண்தான் போர்ட். அதை எழுதாமல் விட்டால் ஜாங்கோ 25-ஐ எடுத்துக்கொள்ளும். ஸ்பாம் தொல்லைக்குப் பயந்து பல கிளவுட் நிறுவனங்கள் அந்த போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன. 587 போட்டுப் பாருங்கள். சில இடங்களில் அதுவும் அடைபட்டிருக்கும், அப்போது மெயில் சேவையின் ஏ.பி.ஐ.தான் (உங்கள் நிரல் அந்தச் சேவையிடம் நேரடியாக வேலை சொல்லும் வழி) கைகொடுக்கும். இன்னொன்று, ஜாங்கோவில் மெயிலுக்கு டைம்அவுட் தானாகக் கிடையாது. பதில் வராத கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும். சர்வரில் ஜாங்கோவை ஓட்டும் கூனிகார்ன் 30 விநாடி பொறுத்துவிட்டு அந்த வேலையையே கொன்றுவிடும். அதற்குள் ஆர்டர் டேட்டாபேஸில் ஏறியிருக்கும். வாடிக்கையாளர் கண்ணில் பட்டது எரர் மட்டும். இரண்டாவது ஆர்டர் வந்தது இப்படித்தான்.

போர்ட்டை மாற்றினால் இன்றைக்குச் சரியாகும். ஆனால் வாடிக்கையாளருக்குப் பதில் தரும் கோடான வியூவுக்குள் உட்கார்ந்து மெயில் அனுப்புவதே தப்பு என்பேன். கீழமாசி வீதியில் மூட்டையை லாரி ஆபீஸில் புக் பண்ணி ரசீது வாங்கினதும் வியாபாரி அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். லாரி ஊர் போய்ச் சேரும்வரை நிற்பாரா?

வேலைகளை வரிசையில் வைத்துப் பின்னணியில் செய்ய செலரி, ரெடிஸ் என்று இறங்கலாம். ஒரு சேலைக்கடைக்கு அவ்வளவு தேவையில்லை. 'போக வேண்டிய மெயில்' என்று ஒரு டேபிள் வையுங்கள். ஆர்டரையும் மெயிலுக்கான பதிவையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதுங்கள். இரண்டும் ஏறும், இல்லையேல் இரண்டும் ஏறாது. குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, அனுப்பாததை எடுத்து அனுப்பி, அனுப்பியதாகக் குறிக்கட்டும். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி பூட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மெயில் இரண்டு தடவை போகும். மெயில் சர்வர் 4-இல் தொடங்கும் எண்ணைப் பதிலாகத் தந்தால் அப்புறம் முயலலாம். 550 போல 5-இல் தொடங்கினால் விட்டுவிடுங்கள், தப்பான முகவரிக்கே திரும்பத் திரும்ப அனுப்பினால் உங்கள் பெயர்தான் கெடும். சித்திரைத் திருவிழா நேரத்தில் ஆர்டர் குவிந்து மெயில் இரண்டு நிமிடம் தாமதமானால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

இரட்டை ஆர்டரைத் தடுக்க, ஃபார்முடன் ஒரு தனி அடையாள எண் அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் பழைய ஆர்டரையே காட்டுங்கள்.

ஸ்பாம் விஷயம் கோடில் இல்லை, டொமைன் பெயருக்கான பதிவுகள் இருக்கும் டி.என்.எஸ்ஸில் இருக்கிறது. கடையின் டொமைன் பெயரில் அனுப்ப யாருக்கு உரிமை என்பதை எஸ்.பி.எஃப். சொல்லும், மெயிலுக்குக் கையெழுத்துப் போடுவது டிகிம். 2024 பிப்ரவரியிலிருந்து இவற்றில் ஒன்றாவது வேண்டும் என்கிறது ஜிமெயில். தினமும் 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும் வேண்டும், இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கும் வேண்டும். நீங்கள் மூன்றையும் போட்டுவிடுங்கள், அரை மணி நேர வேலை. எஸ்.பி.எஃப். பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். புதிய சேவை சேர்த்தால் பழைய வரியிலேயே சேருங்கள், இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது.

சோதிக்கும்போது மெயிலைத் திரையிலேயே அச்சிடும் கன்சோல் பேக்எண்டை வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை அதை மறந்து, 'டெஸ்ட் டெஸ்ட்' என்ற மெயிலை நிஜ வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அன்று மதியம்வரை போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.