எல்லாம் கலந்த நோட்டைப் பிரிக்க வேண்டுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ராத்திரியில் நோட்டில் எழுதும் பழக்கம் உண்டு. ஒரு நாள் மீன் விலை, ஒரு நாள் மகளோடு சண்டை, இன்னொரு நாள் படித்த கதை, கண்ட கனவு. புரட்டிப் பார்த்தால் குப்பையாகத் தெரிகிறது. தலைப்பு வாரியாகத் தனி நோட்டு போடட்டுமா? இதனால் மனசுக்குப் பயன் உண்டா? வீட்டில் யாராவது படித்துவிட்டால்?"

தயவுசெய்து பிரிக்காதீர்கள். சண்டைக்கென்று தனி நோட்டு போட்டால் கோபம் வந்த நாளில் மட்டும்தான் அதைத் திறப்பீர்கள். சில மாதத்தில் அது வெறும் குறைப்பட்டியலாகிவிடும். கலந்த நோட்டில் அப்படி ஆகாது. மகளிடம் சீறிய அதே பக்கத்தில், முந்தின ராத்திரி கரண்ட் போய்த் தூங்காமல் கிடந்ததும் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று காரணம் என்பது அங்கேதான் கண்ணில் படும்.

உங்கள் பக்கத்து ஊரான புதுச்சேரியிலேயே இதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வியாபாரத் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் தொடங்கி, 1761-ல் இறக்கும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி வியாபாரம், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் சொன்னது, ஊர் வம்பு, வீட்டு விசேஷம் எல்லாம் அதில் அடுத்தடுத்து வரும், பெரும்பாலும் பேச்சுத் தமிழிலேயே. வியாபாரக் கணக்கு மட்டும் என்று அவர் ஒதுக்கியிருந்தால் அந்தக் காலத்து ஊரே நமக்குக் கிடைத்திருக்காது.

மனசுக்குப் பயன் உண்டு, ஆனால் எழுதும் விதத்தைப் பொறுத்தது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம், தங்களை வருத்திய சம்பவத்தை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனசு கனத்தது. ஆனால் நடந்ததையும் அப்போது பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. "ஏன்", "அதனால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடியவர்களுக்கே அதிகப் பலன் என்று அவருடைய பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஒரே புலம்பலைத் தினமும் எழுதுவது புண்ணைச் சொறிவதுதான். ஆகவே மூன்றாவது முறை அதே சண்டையை எழுத உட்காரும்போது, "அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு ஏன் சுருக்கென்றது?" என்று தொடங்குங்கள்.

நீங்கள் அனுப்பிய வரியையே எடுத்துக்கொள்வோம்: "மீன் விலை ஜாஸ்தி. மனசு சரியில்லை." ஆறு மாதம் கழித்து இது உங்களுக்கே ஒன்றும் சொல்லாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "முதுநகரில் சங்கரா கிலோ நானூறு. பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். குழம்பு கொதிக்கும்போதுதான், இது மகளுக்குப் பிடித்த மீன் என்று ஞாபகம் வந்தது. போன் எடுத்தேன், போடவில்லை." சோகம் என்ற சொல்லே இல்லை, ஆனால் அன்றைய நாள் முழுசாக இருக்கிறது. எனக்கு நாட்குறிப்பில் மிகவும் பிடித்தது இந்த மாதிரி வரிகள்தான்.

தேடி எடுப்பதுதான் கவலை என்றால் வழி சுலபம். பக்க எண் போடுங்கள். கடைசி நாலு பக்கத்தைக் காலியாக விட்டு, "மகள்: 12, 31", "கனவு: 18" என்று குறித்து வாருங்கள். இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விடுங்கள். மாதம் ஒருமுறை படிக்கும்போது இப்போது தோன்றுவதை அங்கே வேறு மையில், தேதி போட்டு எழுதலாம். பழைய வரியை அடிக்க வேண்டாம்.

ஜெல் பேனா வேண்டாம், பால்பாயிண்ட் போதும். ஜெல் மை பலவும் தண்ணீர் பட்டால் பரவிவிடும். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான அலமாரியில் வையுங்கள்.

வீட்டார் படிப்பார்கள் என்ற பயம் நியாயமானதே. பயந்துகொண்டு எழுதினால் உண்மை வராது. கொதிக்கும் கோபத்தைத் தனித்தாளில் கொட்டிக் கிழித்துவிடுங்கள். ஆறிய பிறகு புரிந்ததை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். அடுத்தவர் சொன்ன ரகசியமானால் பெயரை எழுதாதீர்கள்.

விட்டுப்போன நாட்களுக்காக உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். எழுதியும் வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றிருந்தால் நோட்டை நம்பி இருக்காமல், அரசின் கட்டணமில்லாத மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம்.