ஃபேசியா என்றால் என்ன? உடம்பில் அதற்கு என்ன வேலை?

தோலுக்குக் கீழே தொடங்கி தசை, நரம்பு, ரத்தக் குழாய், உள்ளுறுப்பு என எல்லாவற்றையும் சுற்றியும் ஊடுருவியும் ஓடும் இணைப்புத் திசுப் படலம்தான் ஃபேசியா. தசையைப் பார்ப்பதற்காக உடற்கூறு வகுப்பில் வெட்டி ஒதுக்கப்படுவது இதுதான். அதனாலோ என்னவோ, வெறும் உறை என்றே பலர் நினைக்கிறார்கள்.

மேலடுக்கு தளர்வானது. புறங்கைத் தோலைக் கிள்ளி நகர்த்த முடிவது அதனால்தான். ஆழடுக்கு வேறு ரகம்: கொலாஜன் என்ற புரதத்தால் ஆன நெருக்கமான இழைகள், உறுதி அதிகம், நீட்சி குறைவு. அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் ஹயலூரோனிக் அமிலம் என்ற வழவழப்பான பொருள் அவை வழுக்கிச் செல்ல உதவுகிறது.

கெண்டைக்காலைப் பாருங்கள். அங்கே ஆழ் ஃபேசியா இறுக்கமான காலுறை மாதிரி தசைகளைப் பிடித்திருக்கிறது. நடக்கும்போது சுருங்கும் தசைக்கு வெளியே உப்ப இடமில்லை. அழுத்தம் உள்ளிருக்கும் சிரைகள் மேல் விழுந்து, ரத்தம் இதயத்தை நோக்கி ஏறுகிறது. வால்வுகள் அதைத் திரும்ப விடுவதில்லை. இதே இறுக்கம் ஆபத்தாகவும் மாறும். எலும்பு முறிந்து உள்ளே வீங்கினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். அப்போது ஃபேசியாவைக் கீறித் திறப்பதுதான் வழி.

அப்புறம் வலி. ஃபேசியாவில் நரம்பு முனைகள் நிறைய. காலையில் முதல் அடி வைத்ததும் குதிகாலில் சுரீர் என்று குத்துகிறதா? பெரும்பாலும் உள்ளங்கால் ஃபேசியாவின் வேலை அது.

மசாஜ் செய்து 'ஃபேசியாவை உடைத்து விடுகிறோம்' என்பதை மட்டும் நம்பாதீர்கள். தொடையின் தடித்த ஃபேசியா கையழுத்தத்துக்கெல்லாம் மசியாது. சுகமாக இருந்தால் செய்துகொள்ளுங்கள், சரி.