தென் கொரியாவில் ஓர் அரசு அதிகாரி அரசியலில் எவ்வளவு உயரம் போக முடியும்?

அதிபர் நாற்காலி வரை போகலாம், தேர்தலில் ஜெயிக்காமலேகூட. இதற்கு கோ கொன் நல்ல உதாரணம்.

1961இல் குடிமைப் பணித் தேர்வில் தேறியவர், 37 வயதிலேயே தெற்கு ஜொல்லா மாகாண ஆளுநர். அப்புறம் போக்குவரத்து, வேளாண்மை, உள்துறை அமைச்சர் பதவிகள். ஆட்சிகள் மாறின, இவருக்கு மட்டும் வேலை குறையவில்லை. சியோல் மேயராக முதலில் நியமிக்கப்பட்டார். 1998இல் அதே பதவிக்கு மக்கள் வாக்கால் வந்தார்.

என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த காலம் அதுதான். கட்டட அனுமதி போன்ற விண்ணப்பங்கள் எந்த அதிகாரியின் மேசையில் நிற்கின்றன என்று இணையத்திலேயே பார்க்க 1999இல் வழி செய்தார். கோப்பை அமுக்கி வைத்துக் காசு பார்ப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி.

இரண்டு அதிபர்களிடம் பிரதமராக இருந்தவர். 2004 மார்ச் 12 அன்று அதிபர் ரோ மூ-ஹியுன் மீதான பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியதும், அரசமைப்புப்படி பிரதமரான இவரே பொறுப்பு அதிபர். ‘பொறுப்பு’தானே என்று சும்மா இருக்கவில்லை, நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2 மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். மே 14 அன்று அரசமைப்பு நீதிமன்றம் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்ய, ரோ திரும்பினார். சில நாட்களில் கோ பதவி விலகினார்.

அடுத்த அதிபர் இவர்தான் என்று கருத்துக்கணிப்புகள் கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் சொந்தக் கட்சி கிடையாது, சண்டைபோடும் சுபாவமும் இல்லை. ஆதரவு சரியவே, 2007 ஜனவரியில் போட்டியிலிருந்து ஒதுங்கிவிட்டார்.