மிஷன் ட்ரிப் போன வாலிபர்களுக்கும் அவர்களை வரவேற்ற சபைக்கும் உறவு நிலைக்குமா, போட்டோவோடு முடிந்துவிடுமா?

நான் ட்ரிப் போன ஆள் இல்லை. வந்தவர்களுக்குப் பாய் விரித்த வீட்டுப் பிள்ளை. ஏர்வாடிக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊர், பெயர் வேண்டாமே. முப்பது குடும்பம்கூடத் தேறாத சி.எஸ்.ஐ. சபை. அப்பா மண்டபத்தில் விசைப்படகில் மீன் பங்குக்கு வேலைக்குப் போவார், அம்மா தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும். 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட போர்த்துகீசியப் பாதிரியார் அருளானந்தர் காலந்தொட்டு இந்த ராமநாதபுரச் சீமைக்கு ஊழியக்காரர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர் இந்த மண்ணிலேயே உயிரை விட்டார். இப்போது வருகிறவர்கள் ஆறாம் நாள் கிளம்பிவிடுவார்கள்.

பெரும்பாலும் போட்டோவோடு முடியும், நான் பார்த்தவரை அதுதான். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மே மாதம் வேன் வந்து நிற்கும். ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், கிட்டார், கையில் மாட்டி ஆட்டுகிற பொம்மை, ஐந்து நாள் வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி. கடைசி நாள் கோயில் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு அதன் முன்னால் நின்று படம். அடுத்த வருஷம் வேறு ஊர் வேன், அதே சுவர், அதே வெள்ளை. உப்புக்காற்றில் சுண்ணாம்பு நிற்காது, அதனால் வீண் வேலை என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஓடு ஒழுகுதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

மே மாதம் என்றால் எங்களுக்கு என்ன என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஏப்ரல் 15-ல் விசைப்படகுக்குத் தடை தொடங்கும். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது 45 நாள். 2017-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனம் பெருகுகிற காலம், தடை நியாயம்தான். ஆனால் பங்குக்குப் போகிற ஆளுக்கு அத்தனை நாளும் கை வெறும் கை. பாசி எடுக்கிற பெண்களும் அந்தப் பருவத்தில் கடலுக்கு ஓய்வு விடுவார்கள். உலை வைக்கவே யோசிக்கிற மாதமாகப் பார்த்து விருந்தாளி வருவார்கள். அம்மா கடையில் சொல்லி அரிசி வாங்கும், நாட்டுப்படகுக்காரரிடம் கடனுக்கு மீன் வாங்கும். தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கி ஒரு கிலோமீட்டர் தள்ளிவந்த தண்ணீரில் ஒரு அண்ணன் செருப்பைக் கழுவியதை நானே பார்த்தேன். கடைசி நாள் சாட்சி சொல்லும்போது, “இவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல, ஆனா எவ்வளவு சந்தோஷம்” என்பார்கள். பின்வரிசையில் அம்மா தலையைக் குனிந்துகொள்ளும்.

2010-ல் மதுரையிலிருந்து வந்த கூட்டமும் இப்படித்தான் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அதில் ஒரு அக்கா முழங்கால் தண்ணீரில் எங்களோடு நடந்தபோது திருக்கை குத்திவிட்டது. அக்கா போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. அம்மா ஓடிவந்து தூக்கிப்போய், அடுப்பில் கொதித்த உலைத்தண்ணீரைக் கால் பொறுக்கிற சூட்டுக்கு விளாவி, அதற்குள் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. திருக்கை வலிக்குச் சூடுதான் முதல் மருந்து. பிறகு ஆஸ்பத்திரி, ஊசி, உள்ளே ஒடிந்திருந்த முள்ளை எடுத்தது எல்லாம். வேன் கிளம்பிய அன்றும் அக்காவால் காலை ஊன்ற முடியவில்லை. எட்டு நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

அந்த எட்டு நாளும் ஊழியம் என்று ஒன்றும் நடக்கவில்லை. அக்கா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். பாசிக்குப் போகும்போது விரலில் சுற்றுகிற துணி, கண்ணாடி, காலில் கட்டுகிற அலுமினியத் தட்டு என்று அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும். ஒரு நாள் கடைக்கார மாமா வாசலில் நின்று பாக்கி கேட்டது அக்கா காதில் விழுந்துவிட்டது. அக்கா உடனே பணத்தை எடுத்து நீட்டவில்லை. எடுத்திருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். “எங்களால வந்த கடனா அத்தை?” என்று மட்டும் கேட்டது. வந்த அன்று கூப்பிட்டது ‘ஆன்ட்டி’.

அந்த ஞாயிறு ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், பைபிளில் அப்போஸ்தலர் 28-ஐ எடுத்தார். கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறிய பவுலுக்குக் குளிர்காயத் தீ மூட்டியது அந்தத் தீவுக்காரர்கள். விரியன் அவர் கையைக் கவ்வியதும் அங்கேதான். கிளம்பும்போது தேவையானதை ஏற்றி அனுப்பியதும் அவர்களே. “பவுலுக்கு ஒண்ணும் ஆகல, நம்ம பிள்ளைக்குத்தான் கால் வீங்கிருச்சு” என்றார். கோயிலே சிரித்தது. அதுவரை எங்களைக் கொடுக்கிற பக்கத்தில் நிறுத்தி யாரும் பேசிக் கேட்டதில்லை.

அடுத்த ஜனவரியில் போன் வந்தது. “எப்ப வந்தா உங்களுக்குச் சிரமம் இருக்காது?” வி.பி.எஸ். காலாண்டு லீவுக்கு மாறியது. வேனில் அரிசி பருப்பும் வந்தது, கோயில் முற்றத்தில் சேர்ந்து சமைத்தோம். வெள்ளையடிப்பை விட்டுவிட்டு ஓடு மாற்றினார்கள். அதற்கு மறு வருஷம் எங்களில் பதினொரு பிள்ளைகளை மதுரைக்கு அழைத்துத் தங்கள் வீடுகளில் வைத்துக்கொண்டார்கள். நிற்காமல் தண்ணீர் வருகிற குழாயை மூடு என்று என் தம்பி அந்த வீட்டுக்காரர்களையே அதட்டினான். நான் நர்சிங் படித்த காலம் முழுக்க அக்கா வீட்டு மாடி அறையில்தான்.

சண்டையும் வந்தது. ஒரு வருஷம் அவர்கள் சபையின் காணிக்கை நோட்டீசில் அம்மா படம். கலைந்த முடி, ஈரச் சேலை, கீழே ‘ஏழை மீனவப் பெண்’. “சொல்லியிருந்தா தலை சீவிட்டு நின்னுருப்பேனே” என்றது அம்மா. அதற்குமேல் ஆறு மாதம் அக்காவோடு பேச்சே இல்லை. எங்கள் பக்கத்திலும் ஒருவர் தனியாக போன் போட்டுப் பணம் கேட்டு மானத்தை வாங்கினார். அக்கா பஸ் ஏறி வந்து வாசலில் உட்கார்ந்து அழுதபிறகுதான் அம்மா மனம் இறங்கியது. பிற்பாடு அக்காவின் அம்மா இறந்தபோது என் அம்மா எங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேரோடு ராத்திரி பஸ்ஸில் மதுரை போய், அடக்கம் முடியும்வரை அடுப்படியைப் பார்த்துக்கொண்டது. “நீங்க என்ன முறை?” என்று யாரோ கேட்டதற்கு, “அத்தை முறை” என்றதாம்.

நீங்கள் கூட்டத்தைக் கூட்டிப்போகிறவர் என்றால், தேதியை அந்த ஊரிடம் கேட்டு வையுங்கள். அங்கிருந்து ஒரு வேன் உங்கள் ஊருக்கு வரவும் வழி செய்யுங்கள்.

போன காலாண்டு லீவுக்கு அக்கா தன் மகளோடு வந்தது. பத்து வயசு, இறங்கியதும் கடலுக்கு ஓடியது. அம்மா பின்னாலேயே போய் அதன் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டது: “தூக்கித் தூக்கி வைக்காதடி. காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நட, திருக்கை தானா விலகிப் போயிரும்.”