ஆர்சி டிரக்கின் ஸ்கிட் பிளேட்: தேய்ந்ததா, உடைந்ததா?

கேள்வி: என்னிடம் 1:10 அளவு எலக்ட்ரிக் ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும்) மான்ஸ்டர் டிரக் இருக்கிறது. சிமென்ட் தரையிலும் ஜல்லி கிடக்கும் மண்ணிலும் ஓட்டுகிறேன், மேட்டிலிருந்து தாவவும் விடுவேன். வண்டியின் அடிப்பக்கத்தைக் காக்கக் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் ஸ்கிட் பிளேட் முன்பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் போட்டது ஒரு தாவலில் விரிசல் விட்டது. ஒரு நண்பர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடச் சொல்கிறார், இன்னொருவர் கார்பன் ஃபைபர் என்கிறார். எது நீடித்து உழைக்கும்?

பதில்: முதல் பிளேட் தேய்ந்து போனது, இரண்டாவது உடைந்து போனது. இரண்டும் ஒரே பிரச்சினை இல்லை. தேய்மானத்தைத் தாங்கும் பொருள் அடியையும் தாங்கும் என்று நம்பி வாங்குவதால்தான் பலர் திரும்பத் திரும்பச் செலவு செய்கிறார்கள்.

நண்பர் சொன்ன ஸ்டீலை முதலில் பார்ப்போம். தேயாது, உண்மைதான். ஆனால் தாவி இறங்கும்போது விழும் அடி எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? வளைந்து கொடுக்கிற பிளேட் அதில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். விறைப்பான ஸ்டீல் அதை ஸ்க்ரூ வழியாகச் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) கியர்பாக்ஸ் கூட்டுக்கும் அனுப்பிவிடும். உங்கள் சேஸிஸ் பிளாஸ்டிக் என்றால், ஸ்க்ரூ பிடித்திருக்கும் மரை பிய்ந்துகொண்டு வரும். பிளேட்டைக் காப்பாற்றி கியர்பாக்ஸை இழப்பதில் என்ன லாபம்? பின்னால் இருக்கிற விலை உயர்ந்த பாகத்துக்கு முன் பிளேட்தான் கெட வேண்டும். வாங்கும்போது இதை மட்டும் மறக்காதீர்கள்.

எடையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 செ.மீ.க்கு 10 செ.மீ. பிளேட் என்று வைத்துக்கொண்டால், 1.5 மி.மீ. ஸ்டீல் சுமார் 180 கிராம் வரும். 3 மி.மீ. அலுமினியம் 120 கிராம். அதே 3 மி.மீ. தடிமனில் யுஎச்எம்டபிள்யூ என்கிற பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வெறும் 42 கிராம்தான். எடை வண்டியின் நடு அடியில் இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை. முன் மூக்கில் ஏறினால் தாவலில் வண்டி தலைகுப்புற இறங்கும்.

கார்பன் ஃபைபரை இந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். விறைப்பாகவும் லேசாகவும் இருக்கும் என்பது சரி. ஆனால் சிமென்ட் தரையில் உராய்ந்தால் மேலிருக்கும் பிசின் போய், இழைகள் பிரிந்து வெளியே நீட்டும். விரலில் குத்தினால் எடுப்பது கஷ்டம். ஓரத்தை அரம் போட்டுச் சரிசெய்தால் தூசி கிளம்பும், முகக்கவசம் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

உங்கள் ஓட்டத்துக்கு என் தேர்வு அந்த யுஎச்எம்டபிள்யூதான். கன்வேயர்களில் சரக்கு உராயும் இடங்களில் பொருத்துகிற பொருள் அது. வழுக்கும், வளையும், அடியில் எளிதில் விரிசல் விடாது. கூர்மையான கல் கீறத்தான் செய்யும், ஆனால் கீறல் உடைப்பாக மாறுவது அபூர்வம். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. அது தனியாக விறைப்பாக நிற்காது, பின்னால் சேஸிஸின் தட்டையான தாங்கல் வேண்டும். அப்புறம், பசை அதில் ஒட்டாது, ஸ்க்ரூதான் வழி. முன்பக்கத்துக்கு 3 மி.மீ.க்குக் குறையாமல் போடுங்கள், நடுவுக்கு 2 மி.மீ. போதும்.

கம்பெனி பிளேட்டையே மறுபடி போடுவதாக இருந்தால், அது நைலானா என்று பாருங்கள். காய்ந்த நைலான் சட்டென்று உடையும். கால் மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, தட்டையாக வைத்து ஆறவிட்டால் ஈரத்தை உறிஞ்சி வளைந்து கொடுக்கத் தொடங்கும். ஆர்சி ஓட்டுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக்குக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

டைட்டானியம் கண்ணுக்கு அழகு. சிமென்ட்டில் உராய்ந்தால் வெள்ளைத் தீப்பொறி பறக்கும், அதனால் காய்ந்த புல் பக்கம் வேண்டாம்.

ஆனால் எந்தப் பொருள் என்பதைவிட ஸ்க்ரூவைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஸ்க்ரூ தலை பிளேட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் தேய்வது அதுதான். அறுகோணப் பள்ளம் மழுங்கிவிட்டால் கழற்றவே முடியாது. தலை முழுக்க உள்ளே அமுங்கும்படி துளையைச் சரிவாகக் குடையுங்கள். பள்ளத்தில் கிரீஸ் அடைத்தால் மண் ஏறாது. ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான திரெட்லாக், உலோகத்தில் ஏறும் ஸ்க்ரூவுக்கு மட்டும். பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக் மேல் பட்டால் அது விரிசலை உண்டாக்கும்.

பொருத்தும் வரிசையும் முக்கியம். முன் பிளேட்டின் பின் விளிம்பு, நடு பிளேட்டின் முன் விளிம்பை வெளியிலிருந்து மீன் செதில் மாதிரி மூடியிருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு கல்லும் அந்த விளிம்பில் மாட்டி பிளேட்டைப் பிய்க்கும். மோட்டாருக்குக் காற்று போகும் துளைகளையும் மூடிவிடாதீர்கள்.

மாதம் ஒருமுறை கழற்றி, உள்ளே சிக்கிய மண்ணையும் கல்லையும் தட்டிவிடுங்கள். அங்கே மாட்டிய ஒரு ஜல்லி சேஸிஸை உள்ளிருந்தே அரித்துவிடும். முன் விளிம்பின் தடிமன் பாதிக்கு வந்துவிட்டால் புதிதாக மாற்றுங்கள். ஒரே தகட்டில் இரண்டு பிளேட் வெட்டி வைத்துக்கொண்டால் காத்திருக்க வேண்டியதில்லை.